வீரமுத்து அண்ணனின் பிரஸ் பட்டன் சட்டை

மணி அடிப்பதுதான் என் வேலை. கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். குளுவாங் ஊரில் எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அங்கே செய்முறைத் தேர்வு நடக்கும். நிஜமான நோயாளி ஒருவரை அறையில் உட்கார வைப்போம். மாணவர் உள்ளே வந்து எட்டு நிமிடம் அவரைத் தொட்டு, அசைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். எட்டாவது நிமிடம் ஒரு மணி, பத்தாவது நிமிடம் இரண்டு மணி, அடுத்தவரை உள்ளே கூப்பிட மறுபடி ஒரு மணி. அந்த மணி தேன்மொழியாகிய என் கையில் இருக்கும். நான் அடித்தால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் வாயை மூடிக்கொண்டு வெளியே போயாக வேண்டும்.

பதினோரு வருடத்தில் ஒரே ஒரு நாள் நான் மணி அடிக்க மறந்துபோனேன். அது வீரமுத்து அண்ணன் வந்த நாள்.

வீரமுத்து அண்ணன் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். மரம் குட்டையாக இருக்கும்வரை அது சாதாரண வேலை. மரம் வளர வளர, அரிவாள் கட்டிய கழியும் வளரும். இரண்டு ஆள் உயரக் கழி, மூன்று ஆள் உயரக் கழி என்று போய்க்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்த்தபடியே அரிவாளைக் காம்பில் மாட்டி, ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். அறுந்த குலை தலையில் விழாமல் ஒதுங்கவும் வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு நூறு குலை. முப்பத்து நான்கு வருடம் ஒரு மனிதன் வானத்தைப் பார்த்துக்கொண்டே உழைத்தால் அவன் கழுத்து என்னவாகும், தோள் என்னவாகும் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், கங்காணியான மண்டோர் ஒரு கேள்வி கேட்பாராம், யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்று. வலிக்கிறது என்று வாயைத் திறந்தவனுக்கு அன்று அரிவாள் கிடையாது. சாக்கைக் கொடுத்து உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிவிடுவார்கள். வெட்டுக்காரனுக்கு அது பெரிய மானக்கேடு. ஒரு வாரத்துக்கு அவனுக்கு உதிரி என்றே பேர் நிலைத்துவிடும். அதனால் எல்லாரும் ஒரே குரலில் "ஓகே லா மண்டோர்" என்பார்கள். ஒரு தடவை கால் கட்டைவிரல் எலும்பு உடைந்து வீங்கியிருந்தபோதும் வீரமுத்து அண்ணன் "ஓகே லா" என்று சொல்லிவிட்டு வெட்டப் போயிருக்கிறார். அதைப் பெருமையாக வேறு என்னிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. ரெங்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜாகா, அதாவது காவலாளி வேலை. வலது தோளைக் காட்ட ஒருமுறை குளுவாங்குக்கு வந்தவரை எங்கள் டாக்டர் கமலநாதன் பிடித்துக்கொண்டார். கமலநாதன் எலும்பு மூட்டு மருத்துவர், கல்லூரியில் பாடம் எடுப்பவர், தேர்வில் மார்க் போடுபவர். கையைத் தானாகத் தூக்கினால் பாதி வழியில் நின்றுவிடும் அந்தத் தோளைப் பார்த்ததும், நல்ல பலாப்பழத்தைக் கண்ட வியாபாரி மாதிரி அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாணவர்களுக்குக் காட்ட இப்படித் தெளிவான தோள் கிடைப்பது அபூர்வம். உடனே பேரை எழுதிக்கொண்டு என்னிடம் தந்தார். அழைத்துப் பேச வேண்டியவள் நான்.

"அண்ணே, வர்ற பதினெட்டாம் தேதி இங்க பரீட்சை. நீங்க வரணும்."

"பரீட்சையா? தங்கச்சி, நான் ஆறாவதோட நிப்பாட்டிட்டேன்."

"நீங்க எழுத வேணாம்ணே. சும்மா உக்காந்திருந்தா போதும்."

"சும்மா உக்காந்தே பாஸ் பண்ணலாமா? அலமாக், இத அப்பவே சொல்லியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேனே!"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்துவிடும். வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையா தங்கச்சி? பரீட்சைக்கு முன்னால காப்பி குடிக்கலாமா? மீசைய எடுத்துடவா, டாக்டர் புள்ளைங்க பயந்துடுமே? மனைவி அங்கம்மா அக்கா பின்னால் நின்று கேலி செய்வதும் அதில் கேட்கும். "கல்யாணத்தன்னைக்குக்கூட இவரு இப்படித் தலை சீவல, தேனு!" ரெங்கம் சந்தையில் மீன் விற்பவர்வரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வீரமுத்து டாக்டர்களுக்குப் பரீட்சை வைக்கப் போகிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது அப்போது எனக்குத் தெரியாது, பிறகு அங்கம்மா அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அண்ணனுக்குப் பத்து மாதமாக இரண்டு கை விரல்களும் மரத்துக்கொண்டு வந்தன. சாவியைத் திருக முடியவில்லை. சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி வழியிலேயே சிந்திவிடும். நடக்கும்போது கால் சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பட்டனைப் போட அவர் காலையில் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், அக்கா எல்லாச் சட்டைகளிலும் ஒரு வேலை செய்திருந்தார். பட்டன்களை வெளிப் பக்கம் சும்மா பார்வைக்குத் தைத்துவிட்டு, உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன் வைத்துவிட்டார். ஊர் கண்ணுக்கு அது சாதாரணச் சட்டை.

தோள் பழைய கதை, அதனால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. விரல்களின் கதை வேறு. கழுத்து எலும்புக்குள் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டால் கை போகும், பிறகு கால் போகும், போனது திரும்பாது. இது எதுவும் அவருக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். தேர்வுக்கு ஆள் எடுக்கும்போது கமலநாதன், "கை கிய் மரத்துப் போகுதாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பெரட்டில் நிற்பதுபோல நிமிர்ந்து, "எல்லாம் ஓகே டாக்டர்" என்று சொல்லிவிட்டார். தோளைக் கேட்டு வந்தவர்களிடம் கையும் பழுது என்றால், ஆலையில் காய்க்குலையை ரிஜெக்ட் என்று ஓரமாகத் தள்ளுவதுபோலத் தன்னையும் தள்ளிவிடுவார்கள் என்று பயம். பரீட்சை கைவிட்டுப் போய்விடுமாம். அங்கம்மா அக்காவிடம் சத்தியம் வாங்கி வாயை அடைத்திருந்தார்.

பதினெட்டாம் தேதி ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. அங்கம்மா அக்கா கையில் ஒரு பிளாஸ்க். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணனை அறைக்கு அழைத்துப் போனேன். மேசையருகே கமலநாதன் மார்க் தாள்களோடு உட்கார்ந்தார். நான் மணியோடு மூலையில் நின்றேன். மொத்தம் பன்னிரண்டு பேர் வர வேண்டும்.

முதலில் வந்த பையன் நெட்டையாக இருந்தான். பேர் சொன்னான், கை கழுவினான், அதுவரை சரி. நேராக வந்து வலிக்கிற தோளைப் பிடித்து அழுத்தினான். அவன் கை ஐஸ்கட்டி. அண்ணன் துள்ளிவிட்டார். "சாக்கிட், பக்சிக்?" என்று பையன் பதறினான், வலிக்கிறதா மாமா என்று. "ஓகே ஓகே" என்றார் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

இதைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கே பாடமாகிவிட்டது. மூட்டுச் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண், பிறகு கை, கடைசியில்தான் அசைவு. கண்ணால் பார்ப்பதென்றால் முன்னால் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதாது. பக்கத்திலும் பின்னாலும் போய்ப் பார்க்க வேண்டும். இடது தோளையும் வலது தோளையும் ஒப்பிட வேண்டும். தொடுவதற்கு முன் எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டு, வலியில்லாத பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். தொடும்போது தோளைப் பார்க்கக் கூடாது, ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் பொய் சொன்னாலும் புருவம் சொல்லாது. முதலில் அவராகவே கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், பிறகு நாம் தூக்கிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அவரைத் தள்ளச் சொல்லி நாம் தடுத்து, தசையின் பலத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாக, அந்த மூட்டுக்கு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் பார்க்காமல் விடக் கூடாது. தோள் என்றால் கழுத்தும் முழங்கையும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் வாயால் மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். "கழுத்தையும் பார்ப்பேன் டாக்டர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். மார்க் விழுந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் வரும்போதும் அண்ணன் சட்டையைத் திறக்க வேண்டும். இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து இழுப்பார். படக் படக் படக் என்று திறந்துகொள்ளும். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் நல்ல வசதியான சட்டை என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவதாக வந்த பெண் முன்னால் மட்டும் பார்த்துவிட்டுத் தொட வந்தாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தோள்பட்டைக்கு மேலே சதை வற்றி விழுந்த குழி பின்பக்கம் இருக்கிறது, அதைப் பார்த்தால்தானே மார்க். மெல்ல நாற்காலியில் திரும்பி அவளுக்கு முதுகைக் காட்டினார். கமலநாதன் தொண்டையைக் கனைத்தார். அண்ணன் ஒன்றும் தெரியாதவர்போல மறுபடி நேராக உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு பேர் முடிந்ததும் இடைவேளை. அண்ணனுக்கு மைலோ கொண்டுபோனேன். கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் குடித்தார். முகம் ஜொலித்தது.

"தங்கச்சி, அந்த மூணாவது பையன் கெட்டிக்காரன். ஆனா அவசரக்காரன். பொம்பளப் புள்ள பாவம், பின்னாடி பாக்கவே இல்ல."

"அண்ணே, நீங்க ஜாடை காட்டக் கூடாது. டாக்டர் என்னைய திட்டுவாரு."

"நான் எங்கம்மா காட்டுனேன்? முதுகு அரிச்சுது." பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பத்தி நாலு வருசத்துல என்னைய இப்படி யாரும் நின்னு பாத்ததில்லம்மா. காலையிலேருந்து ஆறு பேரு பாத்துட்டாங்க. ஆறு பேரும் தோளோட நின்னுட்டாங்க."

தோளுக்குத்தானே பரீட்சை, வேறு எதைப் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தேன். அவர் காலையில் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு வந்தவர். ஆறு பேர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன பிறகு, யாராவது ஒருவர் கண்டுபிடிக்கமாட்டார்களா என்று அவருக்குள் ஓர் ஆசை வந்துவிட்டது. இதையும் பின்னால் அவர் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழும் எட்டும் போயின. ஒன்பதாவதாக வந்தவள் ஷிரீன்.

எனக்கு அவளைத் தெரியும். யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். போன தடவை இதே தேர்வில் இரண்டு அறைகளில் தோற்றவள். நேரத்துக்குள் முடிக்கத் தெரியாது, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று அவளைப் பற்றி ஆசிரியர்கள் சொல்வார்கள். இந்தத் தடவையும் விட்டால் கல்லூரியைவிட்டே போக வேண்டியதுதான். உள்ளே வந்தபோது உதடு வறண்டிருந்தது. கை கழுவி, துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அட, இவள் பரவாயில்லையே என்று நான் நிமிர்ந்தேன்.

"அங்கிள், என் பேரு ஷிரீன். உங்க தோள பாக்கணும். சட்டைய கழட்டலாமா?"

"தாராளமா பாரும்மா."

படக் படக் படக்.

ஷிரீன் அப்படியே நின்றாள். "அங்கிள், வெளிய பட்டன் இருக்கு. அப்புறம் ஏன் உள்ள பிரஸ் பட்டன்?"

"அது... ஃபேஷன்மா."

அவள் சிரித்தாள். ஆனால் அவள் கண் அண்ணனின் விரல்களுக்குப் போய்விட்டுத்தான் தோளுக்கு வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போயிருந்தது.

முன்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், பின்னால் போய் அந்தக் குழியைப் பார்த்தாள். இடது தோளிலிருந்து தொடங்கி, காறை எலும்பின் ஓரமாக விரலை நகர்த்திக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். வலது கையைத் தூக்கச் சொன்னாள், பாதியில் நின்றது. அவளே தாங்கித் தூக்கினாள், மேலே போனது. தானாக உயராத கை தூக்கினால் உயர்கிறதென்றால் மூட்டு இறுகவில்லை, தசையை எலும்போடு கட்டும் நாண் அறுந்திருக்கிறது. விடை அதுதான், கமலநாதனின் தாளிலும் அதுதான் இருந்தது. ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். போதும் பெண்ணே, நிறுத்து, இத்தோடு பாஸ்!

அவள் நிறுத்தவில்லை. "அங்கிள், தாடைய நெஞ்சுல வைங்க, பாப்போம்."

அண்ணன் குனிந்தார். அடுத்த நொடி முதுகில் மின்சாரம் பாய்ந்ததுபோல உடம்பு வெட்டியது.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"ஒன்னும் இல்லம்மா. ஓகே."

ஷிரீன் அவர் எதிரே மண்டியிட்டு இரண்டு கைகளையும் தன் கைகளில் எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை, இரண்டு கையிலும் பள்ளமாக இருந்தது. "வேகமா விரல மடக்கி நீட்டுங்க, பத்து செகண்டு" என்றாள். அவளும் எண்ணினாள், மூலையில் நானும் எண்ணினேன். ஒன்பதுதான் வந்தது. நான் என் கையை மறைவாக மடக்கி நீட்டிப் பார்த்தேன், இருபத்து மூன்று வந்தது. கடிகாரம் எட்டைத் தொட்டது. நான் ஒரு மணி அடித்தேன்.

ஷிரீன் எழுந்து கமலநாதன் பக்கம் திரும்பினாள். தோளைப் பற்றிச் சரியாகச் சொன்னாள். பிறகு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா டாக்டர், எனக்குப் பெரிய கவலை தோள் இல்ல. கழுத்துல தண்டுவடம் நசுங்குதுன்னு நெனைக்கிறேன். ரெண்டு கையும் பலம் போயிட்டு இருக்கு. இவருக்கு உடனே ஸ்கேன் எடுக்கணும்."

கமலநாதன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவர நான் தேர்ந்தெடுக்கும்போது கேட்டேன், கையில ஒன்னும் இல்லன்னாரு. நீ மறுபடியும் நேரத்த வேற பக்கம் கொண்டு போறியா?" பிறகு அண்ணனிடம் திரும்பினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. கை மரத்துப் போகுதா?"

அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வை இப்போது நான் புரிந்துகொள்கிறேன், அது பெரட்டு நிமிர்வு.

"இல்ல டாக்டர். எல்லாம் ஓகே."

ஷிரீனின் முகம் வெளிறிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. எனக்கு அந்தக் கிழட்டு மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"அப்போ, நீ சொன்னத மாத்திக்கிறியா?" என்றார் கமலநாதன்.

"இல்ல டாக்டர்." ஷிரீன் தெளிவாகச் சொன்னாள். "அங்கிள் சொல்றத நான் கேட்டேன். ஆனா அவரு கைய நான் பாத்தேன். மாத்திக்க மாட்டேன்."

இரண்டு மணி அடித்தேன். கை வலிக்க அடித்தேன். ஷிரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டையை எடுத்து, வலிக்கிற கையை முதலில் நுழைத்து, பிறகு மற்றக் கையை நுழைத்து, தோளில் சரியாகப் போட்டுவிட்டாள். "ரொம்ப நன்றி அங்கிள்" என்றாள். மற்ற எட்டுப் பேரில் ஒருவர்கூட அவருக்குச் சட்டை போட்டுவிடவில்லை. அவள் போய்க் கதவு மூடியது.

அடுத்த மாணவர் வர இரண்டு நிமிடம் இருந்தது. கமலநாதன் பேனாவைத் திறந்தார். அண்ணன் தலையைக் குனிந்து பிரஸ் பட்டனை அழுத்தப் பார்த்தார். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி வழுக்கியது. நான் உதவிக்கு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"டாக்டர், அந்தப் பாப்பாவ பெயில் போட்டுடாதீங்க."

"அது என் வேலைண்ணே. நீங்க கவலைப்படாதீங்க."

"நான் பொய் சொன்னேன் டாக்டர்."

கமலநாதனின் பேனா நின்றது. அண்ணன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். விரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. "பத்து மாசம் ஆச்சு. சோறு கையில நிக்கல, ஸ்பூன்ல சாப்புடுறேன். பட்டன் போட முடியாம வீட்டுக்காரி இதத் தச்சுக் குடுத்தா. ராத்திரி எழுந்தா சுவரப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறேன். அந்தப் புள்ள சொன்னது அத்தனையும் சரி."

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உதிரி பொறுக்கப் போட்டுடுவீங்கன்னு..." என்றார். அறுபத்திரண்டு வயது மனிதர், விரிந்த சட்டையோடு குழந்தைபோல அழுதார்.

கமலநாதன் எழுந்து வந்தார். ஷிரீன் மண்டியிட்ட அதே இடத்தில் அவரும் மண்டியிட்டார். அண்ணனின் நடுவிரலைப் பிடித்து நகத்தைச் சட்டென்று சுண்டினார். யாரும் தொடாத கட்டைவிரல் தானாகத் துள்ளி மடங்கியது. மறுபடி சுண்டினார், மறுபடி துள்ளியது. தண்டுவடம் நசுங்கினால் அப்படித்தான் துள்ளுமாம். மற்றக் கையிலும் அதே கதை.

"நீங்க பொய் சொன்னீங்க. சரி. நான் பாக்கலையேண்ணே," என்றார் கமலநாதன். "ரெண்டு தடவ உங்க தோளப் புடிச்சேன். ஒரு தடவகூட கையப் பாக்கல. காதால கேட்டுக்கிட்டு விட்டுட்டேன்."

திரும்பிப் போய் ஷிரீனின் தாளை எடுத்து எழுதினார். நீளமாக எழுதினார். என்ன மார்க் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே ஒரு குதி குதித்தேன். அப்போதுதான் வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். பத்தாவது மாணவர் நாலு நிமிடமாக நின்றுகொண்டிருக்கிறாராம். மணி என் கையிலேயே இருந்தது, அடிக்க மறந்துவிட்டேன்.

மீதி மூன்று பேருக்குக் காத்திருப்பில் இருந்த வேறொரு நோயாளியை உட்கார வைத்தோம். அண்ணனைப் பெஞ்சுக்கு அழைத்து வந்தபோது, தன்னை ரிஜெக்ட் பண்ணிவிட்டார்கள் என்று அங்கம்மா அக்காவிடம் சொன்னார். அக்கா விஷயத்தைக் கேட்டார். பிளாஸ்கைக் கீழே வைத்தார். "தலபாடா அடிச்சுக்கிட்டேனே மனுசா, தலபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அவர் நல்ல தோளில் நாலு போடு போட்டார். பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி விடவே இல்லை.

மறுநாளே ஸ்கேன். ஷிரீன் சொன்னது சொன்னபடி இருந்தது. மூன்றாம் வாரம் ஜொகூர் பாருவில் கழுத்தில் அறுவை சிகிச்சை. போன பலம் முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இனிமேல் போகாமல் நிறுத்தலாம், திரும்புவது திரும்பட்டும் என்று சொல்லித்தான் செய்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். கோணலாக இருந்தாலும் தானே போட்டார்.

ஐந்தாவது நாள் நான் பார்க்கப் போனேன். கழுத்தில் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் ஷிரீனும் வந்தாள், கையில் கடையிலிருந்து கட்டி வந்த பிரியாணி. தேர்வு முடிவு அதற்குள் வந்துவிட்டது, அவள் இனி டாக்டர் ஷிரீன். அண்ணன் எழப் பார்த்தார், அங்கம்மா அக்கா அதட்டி உட்கார வைத்தார்.

"அங்கிள், கண்ண மூடுங்க" என்றாள் ஷிரீன். பையிலிருந்து ஒரு சிறிய ஊசியை எடுத்தாள், தோலைக் கிழிக்காமல் உணர்ச்சியை மட்டும் சோதிக்கும் ஊசி. "நான் தொடுறப்போ என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. நெசத்த மட்டும்தான் சொல்லணும்."

சுண்டு விரல். "ஒன்னும் தெரியல பாப்பா." மோதிர விரல். "இல்ல." நடுவிரல். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். அங்கம்மா அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ஷிரீன் ஆள்காட்டி விரலின் நுனியில் ஊசியை வைத்து மெல்ல அழுத்தினாள்.

அண்ணன் கையை வெடுக்கென்று இழுத்தார். கண் திறந்துகொண்டது. தன் விரலையே பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"வலிக்குது!" என்றார். பிறகு அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "வலிக்குது பாப்பா, வலிக்குது! அங்கம்மா, எனக்கு வலிக்குதுடி!"